பனல் போய்விட்டதா, வெளிச்சம் மட்டும் போய்விட்டதா?

"பனல் போயிட்டுது, இனிச் சரிவராது." திருத்துவதற்காக என்னிடம் வருகின்ற தொலைக்காட்சிப் பெட்டிகளில் அனேகமானவை ஏற்கெனவே ஏதோவொரு கடையில் இந்த வசனத்தைக் கேட்டுவிட்டு வருகின்றவைதாம். பெட்டியைச் சேலையால் சுற்றி ஓட்டோவில் கொண்டுவருகின்ற சகோதரியும் அதனை அப்படியே நம்பித்தான் வருகிறார். "ஒருக்கால் பாருங்கோ அக்கா, ஏலாதெண்டா பழைய இரும்புக்குக் குடுப்பம்" என்பார். அப்போது நான் முதலில் கையில் எடுப்பது ஸ்குரூ ட்ரைவரை அல்ல, ரோச் லைற்றை.

சென்ற இரண்டு இதழ்களிலும் சோறு சமைக்கும் மின்பானையைப் பற்றியும் மின் அழுத்தியைப் பற்றியும் எழுதியிருந்தேன். அவற்றை வாசித்துவிட்டு எழுதிய சகோதரிகளில் பலர் கேட்டிருந்த கேள்வி தொலைக்காட்சியைப் பற்றியது. சத்தம் கேட்கிறது, றிமோட்டும் வேலை செய்கிறது, படம் மட்டும் இல்லை; என்ன செய்வது? இந்த மாதம் அதற்கு மட்டுமே இடம் போதும்.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்வோம். இன்று எமது வீடுகளில் உள்ள தட்டையான தொலைக்காட்சிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் திரை தானாக ஒளிர்வதில்லை. எல்.சீ.டி. என்று சொல்லப்படுகின்ற அந்தக் கண்ணாடி, வெளிச்சத்தை விடுவதும் மறைப்பதுமாகப் படத்தை உண்டாக்குகின்ற ஒரு திரை மாத்திரமே. வெளிச்சம் அதற்குப் பின்னால் தனியாக இருக்கிறது. வெசாக் கூட்டை நினைத்துப் பாருங்கள். கடதாசியில் எத்தனை பூக்கள் வெட்டி ஒட்டினாலும் உள்ளே குமிழ் எரிந்தால்தான் அவை தெரியும். குமிழ் எரிந்துபோனால் கூட்டைக் கிழித்தெறிகிறோமா? தொலைக்காட்சியிலே அந்தக் குமிழுக்குரிய பெயர்தான் பக்லைற், அதாவது பின்னொளி. கண்ணாடித் திரைக்குத்தான் பனல் என்று பெயர். ஒன்று பழுதானால் மற்றதும் பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

"எல்.ஈ.டி. ரீவீ" என்று கடையில் எழுதி ஒட்டியிருப்பதும் இந்தப் பின்னொளியைத்தான் குறிக்கிறது. திரை அதே எல்.சீ.டி. திரைதான். முன்னர் வந்த தட்டையான பெட்டிகளில் விரல் பருமன்கூட இல்லாத மெல்லிய ரியூப் லைற்றுகள் பின்னால் இருந்தன. அவற்றின் இடத்துக்கு எல்.ஈ.டி. வந்தது. வெள்ளை எல்.ஈ.டி. என்கிறோமே, அது உண்மையில் நீல ஒளி தருகின்ற ஒரு சிறிய துண்டு. அதன்மேல் பூசப்பட்டுள்ள மஞ்சள் நிறப் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து எமது கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இந்த நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்தமைக்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கும் 2014ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பூச்சைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. படம் முழுவதும் மெல்ல மெல்ல நீலமாக அல்லது ஊதாவாக மாறி வருகிறது என்றால், சூட்டினால் அந்த மஞ்சள் பூச்சு கெடுகிறது என்பதே பெரும்பாலும் காரணம். அதற்கும் "பனல் கலர் போயிட்டுது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

இனி ரோச் லைற் விடயத்துக்கு வருவோம். இதனை வீட்டில் எவரும் செய்யலாம். பெட்டியில் ஓர் ஆணியைக்கூடக் கழற்றத் தேவையில்லை. இரவில், அல்லது யன்னல்களை மூடி அறையை இருட்டாக்கி, பெட்டியைப் போடுங்கள். சத்தம் வருகிற ஏதாவதொரு அலைவரிசையை வையுங்கள். இப்போது நல்ல வெளிச்சமுள்ள ரோச் லைற்றை அல்லது போனில் உள்ள லைற்றைத் திரைக்கு மிக அண்மையில் பிடித்து, சற்றுச் சரிவாக அடியுங்கள். வெளிச்சம் விழும் இடத்தில், மங்கலாக, பேய் உருவம் போல ஆட்கள் அசைவது தெரிகிறதா? றிமோட்டில் மெனுவை அழுத்தினால் எழுத்துகள் தெரிகின்றனவா? தெரிந்தால் பனல் உயிரோடு இருக்கிறது. படம் வந்துகொண்டிருக்கிறது. போயிருப்பது வெளிச்சம் மட்டும்.

ரோச் லைற் இல்லாமலே காட்டிக்கொடுக்கும் இன்னொரு அடையாளமும் உண்டு. பெட்டியைப் போட்டவுடன் ஒரு செக்கன், இரண்டு செக்கன் படம் பளிச்சென்று தெரிந்துவிட்டு இருண்டுபோகும், சத்தம் தொடரும். இதைக் கண்டால் நான் சந்தோசப்படுவேன். எல்.ஈ.டி. வரிசையில் எங்கோ ஒன்று சரியில்லை என்பதை உள்ளேயிருக்கும் சுற்று உணர்ந்து, பாதுகாப்புக்காக மின்னை நிறுத்துகிறது என்பதுதான் பெரும்பாலும் இதன் பொருள்.

ஆனால் திரையில் மேலிருந்து கீழாக நிறக்கோடுகள் விழுந்திருந்தால், மை கொட்டியதுபோலக் கறுப்புப் படர்ந்திருந்தால், உள்ளே கண்ணாடி வெடித்திருந்தால், அது பனலின் பிரச்சினை. அந்த வேளையில் கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. பனல் ஒன்றை வாங்கிப் போடுகிற செலவுக்கு இன்னொரு பெட்டியே வாங்கலாம். சத்தமும் இல்லை, முன்னாலுள்ள சிவப்புப் பொட்டு லைற்றும் இல்லை என்றால் அது மின்வழங்கும் பகுதியின் சங்கதி, இன்று நாம் பேசுவது அதுவல்ல.

ஒரு சிறு எல்.ஈ.டி. பழுதானால் ஏன் முழுத் திரையும் இருள வேண்டும்? கோயில் திருவிழாவுக்குக் கட்டுகின்ற குமிழ் மாலையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு குமிழின் இழை அறுந்தால் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும், ஏனென்றால் மின் ஒன்றுக்கூடாகத்தான் அடுத்ததற்குப் போகிறது. தொலைக்காட்சியிலும் அதே ஏற்பாடுதான். எடுத்துக்காட்டாக 7 எல்.ஈ.டி. வீதம் 3 பட்டைகள் இருந்தால் 21 எல்.ஈ.டி.கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்கு 3 வோல்ற் என்றால் முழுவதற்கும் 63 வோல்ற். இருபத்தொன்றில் ஒன்று அறுந்தாலும் மிச்ச இருபதும் நல்ல நிலையிலேயே இருட்டில் கிடக்கும். அந்த ஒன்றின் விலை ஒரு தேங்காயின் விலைக்கும் குறைவு.

இந்த ஒன்றை அறியாததால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டு, முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தங்கச்சி வந்தார். முன்பள்ளி ஆசிரியை. கணவர் 2009இற்குப் பின்னர் வீடு திரும்பவில்லை. தாயும் ஒரு மகளும் அவரை நம்பியிருக்கிறார்கள். முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கிடைக்கும் கொடுப்பனவு எவ்வளவு சொற்பம் என்பது இவ்விதழ் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சீட்டுக் காசு எடுத்து அவர் வாங்கிய 32 அங்குலப் பெட்டியைப் பகலில் முன்பள்ளியிலும் இரவில் வீட்டிலும் பயன்படுத்தி வந்திருக்கிறார். பென் ட்ரைவில் பாட்டும் கதையும் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுவாராம். பெட்டி இருண்டது. நகரத்துக் கடையொன்றில் பனல் போய்விட்டது என்று சொல்லி, புதியதொன்றைத் தவணைக்குத் தருவதாகவும் முற்பணமாக ஒரு தொகை கட்டவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த முற்பணத்துக்காக அவர் கிழமைக்குக் கிழமை கட்டுகின்ற குழுக் கடனுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். கூடக் கையெழுத்து வைக்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் கேட்டுவைத்திருந்தார்.

அந்தக் கடன் எப்படிப்பட்டது என்பதை எமது பெண்கள் அனுபவத்தில் அறிவார்கள். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். வாசலில் வந்து குந்தியிருந்து காசு கேட்பவர்களுக்குப் பயந்து பின்வாசலால் போனவர்களை எனக்குத் தெரியும். 2018ஆம் ஆண்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கவேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. தொலைக்காட்சிக்காகவா இதற்குள் தலையைக் கொடுப்பது என்று அந்தத் தங்கச்சியிடம் நான் கேட்கவில்லை. அவருக்கு அது தொழிலுக்கான பொருள். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டுத் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பானபோது, பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இதனை ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள்.

அறையை இருட்டாக்கி ரோச் லைற்றை அடித்தோம். இருட்டுக்குள் ஒரு யானைக்குட்டி ஆடிக்கொண்டிருந்தது. "அக்கா, படம் ஓடுது!" என்று அவர் கத்தியது பக்கத்துக் கடைவரை கேட்டிருக்கும்.

பிறகு பெட்டியைத் திறந்தோம். இந்த இடத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ரோச் லைற் சோதனையை எவரும் செய்யலாம், திறக்கின்ற வேலையைப் பயிற்சி இல்லாதவர்கள் செய்யக்கூடாது. எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற். அது உள்ளே போய் நேரோட்டமாக மாறும்போது 325 வோல்ற் வரை ஏறிப் பெரிய கொண்டென்சர் ஒன்றில் தேங்கிநிற்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது உள்ளே இருக்கலாம். நான் பிளக்கைக் கழற்றிச் சிறிது நேரம் விட்டு, அந்தக் கொண்டென்சரில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று மல்ரிமீற்றரால் அளந்து பார்க்காமல் கை வைப்பதில்லை. பழைய ரியூப் லைற் வகைப் பெட்டிகளில் அந்த ரியூப்பைப் பற்றவைக்க ஆயிரம் வோல்ற்றுக்கு மேல் உண்டாக்கும் பகுதி வேறு இருக்கிறது. ரியூப்புக்குள் பாதரசமும் உண்டு. அப்படியானவற்றை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள், பிள்ளைகள் கைக்குக் கிடைக்க விடாதீர்கள்.

வேலை நடக்கும் விதத்தைத் தெரிந்துவைத்திருப்பது, செய்யாதவர்களுக்கும் நல்லது. கடையில் உங்கள் பெட்டியை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? மேசையில் மடித்த போர்வையை விரித்து, பெட்டியைத் திரை கீழே இருக்கும்படி கிடத்தினோம். பின்மூடியின் ஆணிகள் எல்லாம் ஒரே நீளமானவை அல்ல. முட்டைத் தட்டு ஒன்றில் குழிக்குக் குழி பிரித்துப் போட்டேன். ஒவ்வொரு வயரையும் கழற்றமுன் போனில் படம் எடுத்துக்கொண்டோம். மின்விசிறியை நிறுத்தினோம், ஏனென்றால் இப்போது விழுகிற தூசு பின்னர் ஆயுள் முழுவதும் திரையில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். பிறகு பெட்டியைத் திருப்பிக் கரைச் சட்டங்களைக் கழற்றிக் கண்ணாடியைத் தூக்கவேண்டும். எல்லாவற்றிலும் கடினமான பகுதி இதுதான். கண்ணாடி மெல்லியது, அதன் ஓரத்தில் கடதாசிபோல் நெகிழும் பட்டி வயர்கள் ஒட்டப்பட்டுள்ளன. அதில் ஒன்று பிய்ந்தால், இல்லாத பனல் பழுது அப்போதே உண்டாகிவிடும். அதனால் ஒருவர் தனியே தூக்கக்கூடாது. அந்தத் தங்கச்சி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், உள்ளங்கைகளை விரித்துப் பிடித்து, அப்பத்தைத் தாச்சியிலிருந்து எடுப்பதுபோல எடுத்துப் பஞ்சு மெத்தையில் வைத்தோம்.

அதன் கீழே மூன்று நான்கு வெள்ளைத் தாள்கள் இருக்கும். ஒன்று தடிப்பானது, மற்றவை மெல்லியவை. ஒளியை ஒரே சீராகப் பரப்புவதற்கானவை. எது மேலே, எது கீழே, எந்தப் பக்கம் எங்கே என்ற ஒழுங்கு மாறினால் படம் திட்டுத்திட்டாகத் தெரியும். விரல் அடையாளம் பட்டாலும் தெரியும். மூலையில் பென்சிலால் ஒரு சிறு அடையாளம் போட்டு, ஒழுங்கு குலையாமல் ஒன்றாகவே எடுத்துவைத்தேன். அடியில் பட்டைகள். ஒவ்வோர் எல்.ஈ.டி.யின் மேலும் பிளாஸ்ரிக் தொப்பிபோல ஒரு வில்லை இருக்கும். ஒளியைப் பக்கமெல்லாம் விரிப்பது அதுதான்.

இறந்த எல்.ஈ.டி.யைக் கண்டுபிடிக்கச் சோதனைக் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். வோல்ற் கூடியது, ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டம் மட்டும் தருவது. அது இல்லாதவர்கள் 2 பென்ரோச் பற்றரிகளைத் தொடராக வைத்து, 3 வோல்ற்றில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். நல்லது மங்கலாக எரியும். ஆனால் 6 வோல்ற் வகை எல்.ஈ.டி.களும் சந்தையில் உண்டு, அவை 3 வோல்ற்றுக்கு எரியா. ஒன்றும் எரியவில்லை என்றவுடன் எல்லாம் செத்துவிட்டன என்று தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. எமது பெட்டியில் நடுப் பட்டையில் நான்காவது எல்.ஈ.டி. எரியவில்லை. உற்றுப் பார்த்தால் மஞ்சள் பூச்சின் நடுவில் கடுகளவு கறுப்பு. அதற்குப் பக்கத்தில் உள்ள ஒன்றும் நிறம் மங்கியிருந்தது. மற்றவை எல்லாம் சுகம்.

அடுத்து வருகிற கேள்வியில் திருத்துகிறவர்களுக்கு இடையிலேயே கருத்து வேறுபாடு உண்டு. இறந்ததை மட்டும் மாற்றுவதா, பட்டைகள் எல்லாவற்றையும் மாற்றுவதா? முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்பவர்களின் வாதம் தவறானதல்ல. எல்லா எல்.ஈ.டி.களும் ஒரே நாளில் பிறந்தவை, ஒரே அளவு சூடு தின்றவை. ஒன்று போனால் அடுத்தது பின்னால் வரும். காசு இருந்தால், பொருத்தமான பட்டை கிடைத்தால், நானும் அதைத்தான் சொல்வேன். முழுத் தொகுதியும்கூடப் புதிய பெட்டியின் விலையோடு பார்த்தால் சிறிய தொகைதான். ஆனால் எல்லா மாதிரிக்கும் எல்லா இடத்திலும் பட்டை கிடைப்பதில்லை. 2020 தொடக்கம் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்து, 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரையில் ஏறிய நாட்களில், கொழும்பிலிருந்து ஒரு பட்டை எடுப்பதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். அந்தக் காலத்தில் ஒற்றை எல்.ஈ.டி. மாற்றிக் கொடுத்த பெட்டிகளில் சில இன்றும் ஓடுகின்றன. சில திரும்பி வந்தன, இன்னொன்றை மாற்றிக் கொடுத்தேன். திரும்பி வரக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் ஏமாற்று இல்லை.

அந்தத் தங்கச்சியிடமும் இரண்டு வழியையும் சொன்னேன். அவர் இரண்டை மட்டும் மாற்றச் சொன்னார். வேறொரு உடைந்த பனலுள்ள பெட்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த எல்.ஈ.டி.கள் என்னிடம் இருந்தன. அளவு ஒன்றாக இருக்கவேண்டும்; 3528 என்று சொன்னால் 3.5 மில்லிமீற்றருக்கு 2.8 மில்லிமீற்றர். வோல்ற்றும் ஒன்றாக இருக்கவேண்டும். நேர், எதிர் எந்தப் பக்கம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஆகவே வைக்கமுன் சோதிக்கவேண்டும். பட்டையின் அடி அலுமினியம் என்பதால் சோல்டரிங் அயனின் சூட்டை அது உறிஞ்சிவிடும். கீழிருந்து சூடேற்றும் தட்டில் வைத்து, ஈயம் உருகும் கணத்தில் பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். அதிக நேரம் சூடு பிடித்தால் பக்கத்திலுள்ள நல்லவையும் கெடும்.

சிலர் இறந்த எல்.ஈ.டி.யின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு மூடிவிடுவார்கள். பெட்டி எரியும்தான். அந்த இடம் நிழலாகத் தெரியும், சில பெட்டிகளில் பாதுகாப்புச் சுற்று அதையும் பிழையென்று கண்டு மீண்டும் அணைத்துவிடும். இதனைத் தற்காலிகம் என்று சொல்லிச் செய்தால் சரி. திருத்தியதாகச் சொல்லிக் காசு வாங்குவது சரியல்ல.

எல்லாவற்றையும் மூடமுன்னர், தாள்களை மட்டும் வைத்துப் பின்னொளியைப் போட்டுப் பார்த்தோம். வெள்ளை வெளேரென்று ஒரே சீராக எரிந்தது. கண்ணாடியைப் பொருத்தி, ஆணிகளை முட்டைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டி முடிக்க, தொடங்கியதிலிருந்து மூன்று மணித்தியாலம். எனது கூலியும் சேர்த்து, கடையில் கேட்ட முற்பணத்தில் பாதிகூட வரவில்லை. அவர் அங்கிருந்தபடியே போன் எடுத்து, கடனுக்குக் கொடுத்த பெயரை வெட்டச் சொன்னார். பிணை நிற்க இருந்த பெண்களுக்கும் சொன்னார். அவர்களில் ஒருவர், "அப்ப எங்கட வீட்டுப் பெட்டியையும் ஒருக்காக் காட்டுவம்" என்றாராம். அது அடுத்த கிழமை வந்தது. அதில் உண்மையாகவே பனல்தான் போயிருந்தது. சொல்லி அனுப்பினேன்.

கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் எழுதுவதாக எவரும் நினைக்கவேண்டாம். மூன்று மணித்தியால வேலை, கண்ணாடி உடைந்தால் பொறுப்பு, கிடைப்பதோ சிறிய கூலி. புதியதொன்றை விற்றால் பத்து நிமிடம். இதில் எது இலாபம் என்பது எவருக்கும் விளங்கும். எனவே கேட்கவேண்டியவர்கள் நாங்கள்தான். "பனல் போயிட்டுது" என்று சொன்னால், "ரோச் லைற் அடிச்சுப் பாத்தனீங்களோ?" என்று கேளுங்கள். நீங்கள் வீட்டில் ஏற்கெனவே பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பேசுகிற தோரணை உடனே மாறுவதைக் காண்பீர்கள். மாற்றிய பழைய உதிரிப்பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருள் வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும். இதைக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

இன்னொன்று. பெட்டி இருள்வதற்கு மின்வெட்டுத்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின் இல்லாதிருந்தபோது பெட்டிகள் பழுதானது உண்மை. ஆனால் மின் போய் வரும்போது அடிபடுவது பெரும்பாலும் மின்வழங்கும் பகுதி. எல்.ஈ.டி.யைக் கொல்வது சூடு. கடையிலிருந்து வந்த நாள் தொட்டுப் பக்லைற் 100இலேயே இருக்கும்; எவரும் குறைப்பதில்லை. றிமோட்டில் பட அமைப்புக்குள் போய், பக்லைற் என்று இருப்பதை 50 அல்லது 60இற்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பக்கத்தில் பிரைற்னஸ் என்று வேறொன்று இருக்கும். பல பெட்டிகளில் அது கறுப்பின் அளவை மட்டும் மாற்றுவது, எல்.ஈ.டி.யின் சுமையைக் குறைக்காது. இரண்டையும் மாறி நினைக்காதீர்கள். பின்பக்கக் காற்றுத் துளைகளைத் துணியால் மூடாதீர்கள், தகரக் கூரை வீடுகளில் பெட்டியைக் கூரைக்கு அண்மையில் உயரமாக மாட்டாதீர்கள். இடி மின்னல் மாதங்களில், குறிப்பாக சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும், பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

இந்த வேலை பெண்களுக்குச் சரிவருமா என்று இன்னமும் கேட்கிறார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரிக்கு எங்கே போனோம்? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்னில் அம்மா வானொலியில் செய்தி கேட்டார். ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்குச் செய்தவர்களும் பெண்கள்தாம். அந்தக் கைகளுக்கு முட்டைத் தட்டும் சோல்டரிங் அயனும் பாரமா? தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் இலத்திரனியல் உபகரணங்கள் திருத்துவது தொடர்பான பயிற்சிகள் நடப்பதுண்டு; உங்கள் மாவட்டத்தில் எது நடக்கிறது என்று நேரில் விசாரியுங்கள். வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் கற்றவர்களையும் மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. நான் பெற்றது அந்த வழியால்தான்.

இடம் முடிகிறது. மூதூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்விக்கு மாத்திரம் பதில் சொல்லிவிடுகிறேன். அவருடைய பெட்டியில் படம் தெரிகிறது, ஆனால் அங்கங்கே நிலவுபோல வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டுகள் விழுந்திருக்கின்றனவாம்; பனலை மாற்றச் சொல்கிறார்களாம். சகோதரி, அது பெரும்பாலும் பனல் அல்ல. எல்.ஈ.டி.யின் மேலிருந்த வில்லைத் தொப்பி பசை விட்டு விழுந்திருக்கிறது, அதனால் ஒளி விரியாமல் ஓரிடத்தில் குவிகிறது. விழுந்த வில்லைகள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். எந்தப் பாகமும் வாங்கத் தேவையில்லை, திரும்ப ஒட்டினால் போதும். ஒட்டுகிறவரிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: கணத்தில் ஒட்டும் சுப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி வில்லையில் வெண்புகைபோலப் படிந்துவிடும். இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்குகின்ற எபொக்சிப் பசையைக் காலுக்கொரு துளி வைத்து, இறுகும்வரை ஓர் இரவு அப்படியே விடச் சொல்லுங்கள்.